ஒரே ஆற்றை நம்பும் கூட்டுறவுச் சங்கம்

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்கும் வழக்கமுள்ள காவிரி டெல்டாவில், விவசாயிகள் 'சொசைட்டி' என்றழைக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பணமும் அந்தத் தண்ணீரோடுதான் நகர்கிறது. விதைப்புக்கு முன் ஊரே கடன் கேட்கிறது. அறுவடைக்குப் பின் ஊரே திருப்பிக் கட்டுகிறது.

கிராமக் கடன் சங்கம் ஜெர்மனியில் கூட்டுறவு முன்னோடி ரைஃபைசன் வளர்த்த வடிவம். சென்னை மாகாண அரசுக்காக அதை ஆராய்ந்த ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895இல் தம் அறிக்கையை அளிக்கத் தொடங்கினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. யாருக்கு எவ்வளவு நிலம், யார் நாணயமானவர் என்பது ஊராருக்குத் தெரியும். வெளியூர் வங்கி செலவழித்துத் திரட்டும் இத்தகவலே சங்கத்தின் முதல் மூலதனம். பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்ற விதியும், தணிக்கையும், உறுப்பினர் அனைவரும் கூடும் பேரவைக் கூட்டமும் அதைக் காப்பதற்கே உள்ளன. பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்ததாக எழுதினால், ஊர் அறிந்த நிலுவை ஏட்டில் மறைந்துவிடும். சங்கத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை என்பேன்.

ஆனால் நேர்மை மட்டும் போதாது. நூறு உறுப்பினர்களில் ஒவ்வொருவருக்கும் பத்தாண்டுக்கு ஒருமுறை விளைச்சல் பொய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தனித்தனியே நேர்ந்தால் ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில் தவணை தவறுவர், சங்கம் தாங்கிவிடலாம். அனைவரும் ஒரே ஆற்றை நம்பியிருந்தால், ஒன்பது ஆண்டுகள் ஒருவரும் தவறாமல் பத்தாம் ஆண்டில் நூறு பேரும் ஒன்றாகத் தவறுவர். சராசரி ஒன்றுதான், ஆனால் சங்கம் மூழ்கிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளை ஓர் இரவில் சாய்த்தபோது இந்தக் கணக்கு கண்முன் நிகழ்ந்தது. சங்கங்களுக்கு நிதி தரும் தஞ்சாவூர், கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் டெல்டாவையே சார்ந்தவை என்பதால், அவற்றாலும் இந்த இடரை வேறு பகுதிகளோடு முழுமையாகப் பகிர்ந்துகொள்ள முடியாது.

ஆகவே ஆற்றோடு சேர்ந்து ஏறி இறங்காத வருமானம் வேண்டும். அறுவடை இயந்திர வாடகை பயனுள்ளதே, ஆயினும் விளைச்சல் இல்லையேல் அதுவும் இல்லை. மருந்துக்கடை அப்படியல்ல, வறட்சியிலும் மக்களுக்கு மாத்திரை வேண்டும். சம்பாவுக்குப் பின் வரும் உளுந்தை எல்லோரும் ஒரே வாரங்களில் விற்பதால் விலை சரிகிறது. சங்கக் கிடங்கில் வைத்து அதன் ஈட்டின்பேரில் கடன் பெறும் விவசாயி விலை ஏறும்வரை காத்திருக்கலாம், சங்கத்துக்கும் வட்டி கிடைக்கும். இதற்கு, மூட்டைகளின் எண்ணிக்கையும் எடையும் ஏட்டில் உள்ளபடியே கிடங்கிலும் இருக்க வேண்டும். அதை எந்த உறுப்பினரும் எந்த நாளும் நேரில் சென்று எண்ணிப் பார்க்க வழியும் இருக்க வேண்டும்.