வேனுக்குள் ஒரு வீடு: பலகை அடிக்கும் முன் தெரிய வேண்டிய இயற்பியல்

பழைய ஃபோர்ஸ் டிராவலரையோ டாடா விங்கரையோ வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஆசை வந்ததும் முதலில் தேடிப் போவது தச்சரை. கட்டில் எப்படி மடங்க வேண்டும், அலமாரி எந்தப் பக்கம், எந்த நிறத்தில் லேமினேட் என்று பேச்சு தொடங்கிவிடும். என்னைக் கேட்டால், கேம்பர் வேனில் மரவேலை கடைசியில் வர வேண்டியது. பலகைக்குப் பின்னால் மறைந்துபோகும் வேலைகள்தான் அந்த வேனில் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

காரணம் அளவு. வீட்டில் ஒரு சாதாரண அறை 30 கன மீட்டருக்கு மேல் இருக்கும். சுவர் செங்கல், வெயிலையும் ஈரத்தையும் கொஞ்சம் வாங்கிவைத்துக்கொண்டு மெதுவாக விடும். டிராவலர் அளவுள்ள வேனின் பின்பகுதியோ சுமார் 11 கன மீட்டர்தான். சுவராக நிற்பது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே கனமுள்ள இரும்புத் தகடு. வீட்டில் நாம் கவனிக்கவே கவனிக்காத விஷயங்கள், நாம் விடும் மூச்சுகூட, இங்கே கணக்கில் ஏறிவிடுகின்றன.

மூச்சிலிருந்தே தொடங்கலாம். தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரைக் காற்றில் கலக்கிறார். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கும் மேல். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் வேனுக்குள் இருக்கும் மொத்தக் காற்றின் கொள்ளளவே 190 கிராம் போல. 10 டிகிரிக்கு இறங்கினால் அதில் பாதிதான். மீதி நீர் எங்கே போகும்? இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பைத் தேடிப்போய்ப் படியும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு வெப்பநிலை 5 டிகிரியை ஒட்டி இறங்கும். இரும்புத் தகடும் ஏறத்தாழ அதே குளிரில் இருக்கும். காலையில் கண்ணாடியில் வழியும் நீரை எல்லோரும் பார்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் தகட்டின் உட்பக்கத்தில் வழியும் நீரை யாரும் பார்ப்பதில்லை. துரு அங்கேதான் தொடங்குகிறது. மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

சமையல் இதை இன்னும் கூட்டுகிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகும். எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் எரிபொருளைவிட அதிக எடையில் நீர் பிறக்கிறது. சோறு வடிக்கும்போது பாத்திரத்திலிருந்து எழும் ஆவி தனி.

தீர்வு இரண்டு பங்கு. ஒன்று, ஈரக்காற்றை வெளியே தள்ளுவது. மணிக்கு 20 கன மீட்டர், அதாவது வேனின் காற்று இரண்டு முறை மாறினால் இருவர் விடும் ஈரத்தைச் சமாளித்துவிடலாம். கூரையில் வைக்கும் 12 வோல்ட் விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலே இதைச் செய்துவிடும். ஆனால் காற்று வெளியேற வேண்டுமானால் இன்னொரு வழியாக உள்ளே வர வேண்டும். எல்லாச் சன்னலையும் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் போட்டுப் பயனில்லை. படுக்கும் இடத்துக்கு எதிர்மூலையில், தாழ்வாக ஒரு சிறு திறப்பு வேண்டும்.

இரண்டாவது, ஈரக்காற்று தகட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. வெப்பத் தடுப்புப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியமான கேள்வி, அது நீரைக் குடிக்குமா குடிக்காதா என்பது. கண்ணாடிப் பஞ்சு வீட்டுக் கூரைக்கு நல்லது. வேனில் நனைந்து, தொய்ந்து, தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தைக் காத்துவைக்கும். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் தாள் இதற்கு அருமையானது. அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை, நீராவி ஊடுருவாது. வளைவுகளிலும் இடைவெளி விடாமல் நேரடியாகத் தகட்டின் மேல் ஒட்டலாம். சமமான இடங்களில் எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை மலிவாக வரும். கூரையைத் தாங்கும் இரும்பு விட்டங்களை விட்டுவிடாதீர்கள். இரும்பு வெப்பத்தைக் கடத்துவது இந்த நுரைப் பொருள்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். விட்டத்தின் மேல் பத்து மில்லிமீட்டர் ரப்பராவது ஒட்டாவிட்டால், சுற்றிலும் செய்த செலவில் பெரும்பகுதி அதன் வழியாகவே கசிந்துவிடும்.

கதவுக்குள்ளும் பக்கவாட்டுச் சட்டங்களுக்குள்ளும் டப்பாவில் வரும் நுரையை அடித்து நிரப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். வண்டியின் அடிப்பக்கச் சட்டங்களில் மழைநீர் வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். நுரை அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே வந்த நீர் அங்கேயே நிற்கும். அந்த நுரை விரியும்போது கதவுத் தகட்டையே வெளிப்பக்கமாக உப்பவைத்துவிடும் என்பதும் உண்டு.

கூரை விசிறிக்காக 14 அங்குலச் சதுரத்தில் ஓட்டை வெட்ட வேண்டிவரும். இந்த ஒரு வேலையை அவசரமில்லாமல் செய்தால் பத்து வருடம் கவலையில்லை. முதலில் உள்பக்கமிருந்து விட்டங்கள் எங்கே போகின்றன என்று பார்த்துக் குறியிட வேண்டும். நான்கு மூலையிலும் டிரில் செய்து, ஜிக்சாவால் மெதுவாக அறுக்க வேண்டும். அறுக்கும்போது பறக்கும் இரும்புத் தூள் ஆபத்தானது. கூரையில் விழுந்தது ஓர் இரவுப் பனியிலேயே துருவேறி, நல்ல பெயிண்ட்டையும் கறையாக்கிவிடும். உள்ளே ஒரு போர்வையைக் கட்டி ஏந்திக்கொள்ளுங்கள். வெளியே காந்தத்தால் ஒற்றி எடுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் மழித்து, துருத் தடுப்பு ப்ரைமரை இரண்டு கை அடித்து, நன்றாகக் காய விடுங்கள். அதன் பிறகு விசிறியின் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப், மேலே சீலண்ட். இரும்பும் பிளாஸ்டிக்கும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால், காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும் பசை விரிசல் விட்டுவிடும். பியூட்டைல் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருந்து இரண்டோடும் சேர்ந்து நகரும்.

இனி வெயில். நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் வெப்பம் விழுகிறது. கூரை 6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 6000 வாட். கறுப்புக் கூரை அதில் 90 சதவீதத்தை உறிஞ்சும். வெள்ளைக் கூரை 30 சதவீதம் போல. சுமார் 3500 வாட் வித்தியாசம் ஒரு டப்பா பெயிண்ட்டில் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு குளுமை தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. முன்கண்ணாடிக்கான மறைப்பை உள்ளே வைப்பதைவிட வெளியே போர்த்துவது நல்லது. ஒளி கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து வெப்பமாகிவிட்டால், அந்த வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது.

ஏசி வைக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கூரை ஏசி ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். இரவு முழுக்க விட்டு விட்டு ஓடினாலும் 4 முதல் 5 யூனிட் (ஒரு யூனிட் 1000 வாட்-மணி) ஆகும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். வெளி மின் இணைப்பு கிடைக்கும் இடத்தில் மட்டும் ஏசி, மற்ற நாளில் விசிறி என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏசி இல்லாமல் ஒரு நாள் செலவு எவ்வளவு? 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் 600 வாட்-மணி, விசிறி 250, விளக்கு 50, செல்போனும் லேப்டாப்பும் 150 என்றால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 700 தரலாம். பெட்டியில் எழுதியிருக்கும் 200 வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. வேன் கூரையில் பேனல் 65 டிகிரி வரை சூடாகும்; ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் என்று ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பேனலைக் கூரையோடு ஒட்டிவிடாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டுங்கள். கீழே காற்று போகும். கூரைக்கும் நிழல் கிடைக்கும்.

வண்டி ஓடும்போது, எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் சார்ஜ் ஏற்றலாம். லித்தியம் பேட்டரியை நேரடியாக இணைத்துவிடக் கூடாது. அதன் உள் மின்தடை மிகக் குறைவு. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு ஆல்டர்னேட்டரை ஓய்வில்லாமல் முழுச் சுமையில் ஓடவைத்துச் சூடாக்கிக் கருக்கிவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு இருக்கும்.

வயரிங்கில் வீட்டு அனுபவம் நம்மை ஏமாற்றும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள் எடுக்கும். அதே அடுப்பை வேனில் இன்வெர்ட்டர் மூலம் ஓட்டினால், பேட்டரியிலிருந்து வரும் வயரில் 170 ஆம்பியருக்கு மேல் பாயும். மின்னோட்டம் 20 மடங்கு. வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே தடிமனுள்ள வயரில் 400 மடங்கு வெப்பம். பேட்டரி முனையில் சரியாக அழுத்தப்படாத ஒரு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை காட்டினாலே, அந்த ஒரு புள்ளியில் 29 வாட் சூடு எழும். டிவி மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

சிறிய மின்னோட்டத்திலும் தொல்லை உண்டு. பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், போக வர 10 மீட்டரில் 5 ஆம்பியருக்கு 0.86 வோல்ட் இறங்கிவிடும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தால், ஃபிரிட்ஜ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நீங்கள் ஃபிரிட்ஜைச் சந்தேகிப்பீர்கள். அதையே இரண்டரை சதுர மில்லிமீட்டராகப் போட்டால் இழப்பு 0.34 வோல்ட்டாகக் குறையும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அது காப்பது கருவியை அன்று, வயரை. தூரத்தில் வைத்தால் அதுவரை உள்ள வயருக்குக் காவல் இல்லை.

கேஸ் அடுப்பு வைப்பவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இரண்டு. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். கூரை விசிறி அதை எடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். சிலிண்டர் இருக்கும் பெட்டி வேனின் உட்புறத்திலிருந்து முழுக்க அடைபட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். வேன் முழுக்கச் சீராகப் பரவினால் தீப்பற்ற அரைக் கிலோ கேஸ் வேண்டும். தரையில் தேங்கினால் அதைவிட வெகு குறைவே போதும். இரண்டாவது, குளிருக்காக அடுப்பையோ கரியையோ எரியவைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. மணமில்லை, மூச்சு முட்டாது, தூக்கம் மட்டும் ஆழமாகும். மலைப்பகுதி அறைகளில் கரி அடுப்போடு படுத்தவர்கள் இறந்த செய்தி குளிர்காலங்களில் வந்துகொண்டே இருக்கிறது. வேன் அந்த அறைகளைவிடச் சிறியது. தலைமாட்டுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

எந்தத் தகட்டிலும் ஜிக்சாவை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரவன் வண்டிகளுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தர நெறி இருக்கிறது. எது அனுமதிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காப்பீடு செல்லுமா என்பதும் இதைப் பொறுத்ததே.

மரவேலைக்கு இப்போது வரலாம். 19 மில்லிமீட்டர் ப்ளைவுட், 8-க்கு 4 அடிப் பலகை ஒன்று 35 முதல் 40 கிலோ. 12 மில்லிமீட்டரில் சட்டம் கட்டிச் செய்தால் மூன்றில் ஒரு பங்கு எடை மிச்சம். அலமாரிகளை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட்டில் இறுக்குங்கள். பலகையோடு பலகை திருகியது மட்டும் போதாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி அரை மீட்டருக்குள் வண்டி நின்றால், பின்னால் இருக்கும் 10 கிலோ பேட்டரி 200 கிலோ எடைபோல முன்னோக்கித் தள்ளும்.

தண்ணீர்த் தொட்டி எங்கே வைப்பது என்பதில் நெம்புகோல் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர். பின் சக்கரத்துக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 லிட்டர் தொட்டி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். பின் அச்சில் 100 கிலோ ஏறாது, 140 ஏறும். மீதி 40 கிலோ முன் அச்சிலிருந்து கழியும். ஸ்டியரிங் லேசாகி, ஈரச் சாலையில் திருப்பத்தில் பிடிமானம் குறையும். தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு தாழ்வாக வையுங்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தால் பாதி நிறைந்த நீர் பிரேக்கில் முன்னும் பின்னும் அலைபாயாது.

எல்லாம் முடிந்ததும் தொட்டி நிரம்பி, பயணிகளும் ஏறிய நிலையில் எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். முதலில் முழு வண்டி, பிறகு முன் சக்கரம் மட்டும் மேடையில், அடுத்து பின் சக்கரம் மட்டும். மொத்த எடையை ஆர்சியில் உள்ளதோடும், பின் அச்சு எடையை இரண்டு பின் டயர்களின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீடு (லோட் இண்டெக்ஸ்) குறிக்கும் மொத்தத் தாங்கும் எடையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின் அச்சு எல்லையைத் தாண்டியிருந்தால், முதலில் இடம் மாற்ற வேண்டியது பேட்டரிப் பெட்டியையும் தொட்டியையும்தான்.