29 வந்தால் பாஸா?

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். திருகோணமலை உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அண்ணன் ஒருவர் தன் கழிவுநீரின் ஆய்வுகூட ரிப்போட்டை மேசையில் வைத்து, "தம்பி, பிஓடி 29. எல்லை 30. பாஸ்தானே?" என்றார். பிஓடி என்றால் ஒரு லீற்றர் கழிவுநீரிலுள்ள அழுக்கைத் தின்னக் கிருமிகள் எடுக்கும் ஒட்சிசன், மில்லிகிராமில். சாம்பிள் எடுத்தது டிசம்பரில். மாரி மழை, அறைகள் முக்கால்வாசி பூட்டு.

அந்த 29 ஒரு நாளின், ஒரு போத்தலின் கணக்கு. பிஓடி அளப்பது தராசில் சீனி நிறுப்பது போல அல்ல. ஐந்து நாள் கிருமிகளை வேலை செய்யவிட்டுப் பார்க்கும் சோதனை. ஆய்வுகூடம் தன்னைச் சரிபார்க்க குளுக்கோசும் குளுட்டாமிக் அமிலமும் கலந்த கரைசல் ஒன்றை வைத்திருக்கும். அதற்கு லீற்றருக்கு 198 மில்லிகிராம் வரவேண்டும், 30.5 கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஏறக்குறைய 15 வீதம்! அந்த விகிதத்தில் பார்த்தால் உங்கள் 29 உண்மையில் 25 ஆகவும் இருக்கலாம், 33 ஆகவும் இருக்கலாம். சரி, அளவீடு துல்லியம் என்றே வைப்போம். சராசரி 30ஐ ஒட்டி ஓடும் சுத்திகரிப்புத் தொட்டி பாதி நாட்கள் எல்லையைத் தாண்டும். அதனால்தான் நாங்கள் 20க்கு வடிவமைக்கச் சொல்கிறோம். செலவை ஏற்றிவிட அல்ல.

யாரும் படிக்காத ஒரு குறிப்பும் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்கான அந்த 30, கழிவைப் போல எட்டு மடங்கு சுத்தமான நீர் கலக்கும் என்ற கணக்கில் போடப்பட்டது. நாலு மடங்குதான் என்றால் எல்லை 15. நம் ஊரில் ஹோட்டல் நிரம்புவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, கழிவு போய்ச் சேரும் வாய்க்கால் வற்றுவதும் அப்போதுதான். டிசம்பர் ரிப்போட் ஓகஸ்ட் மாதத்துக்கு என்ன சொல்லும்?

ஆகவே ஓகஸ்டில், அறைகள் நிரம்பிய நாளில், காலைச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் நேரத்தில் எடுங்கள். ஒன்று போதாது, வெவ்வேறு நாட்களில் சில எடுங்கள். போத்தலை உடனே ஐஸில் வையுங்கள். முதல் நாள் குளோரின் ஊற்றிவிட்டு வராதீர்கள். கிருமி செத்தால் பிஓடி பொய்யாகக் குறையும், எங்களுக்கும் அது தெரியும். சமையலறை எண்ணெயைப் பிடிக்கும் கிறீஸ் தொட்டியை ஆய்வுக்கு மட்டும் கழுவுகிறவர்களை என்ன சொல்வது!

அண்ணன், ஐஸ் பெட்டி நான் தருகிறேன். சாம்பிள் எடுக்கும் நாளை மட்டும் நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம்.