ராணுவத்துக்கு வயல் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தாலே, தஞ்சை விமானப்படைத் தளத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சண்டை வந்தா நம்ம வயலை எடுத்துப்பாங்களா சார்?"

எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75ஏ என்ற ஒரே விதி அதற்குப் போதுமானதாக இருந்தது. 1962, 1971 போர்களுக்குத் தனிச் சட்டங்கள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 1952-ஆம் ஆண்டின் ரெக்விசிஷன் சட்டம். ரெக்விசிஷன் என்றால் அரசு நிலத்தைத் தற்காலிகமாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது.

ரெக்விசிஷனில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அனுபவிக்கும் உரிமைதான் கை மாறும். 1952 சட்டப்படி முதலில் நோட்டீஸ் வரும். ஆட்சேபிக்க 15 நாள். உத்தரவு வந்துவிட்டால் 21 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு. வழிபாட்டு இடத்துக்கு விலக்கு உண்டு. கோயிலுக்குச் சொந்தமான வயலுக்குக் கிடையாது. டெல்டாவில் இதை மறக்கக் கூடாது.

இழப்பீட்டில் எல்லோரும் அரசு தரும் வாடகையை மட்டுமே பார்க்கிறார்கள். நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் கேட்கலாம். நஞ்சையில் கிராவல் கொட்டி லாரி ஓட்டினால் வரப்பு மட்டுமா போகும்? வாய்க்கால் மட்டம் மாறும், வடிகால் அடைபடும், மேல்மண் இறுகும். ஆனால் "முன்னே எப்படி இருந்தது?" என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டுமே. அதனால் ஒப்படைக்கும் முன்பே அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல், புல வரைபடம், தேதியுடன் போட்டோ எடுத்து வையுங்கள். வயலில் குறுவை நிற்கிறதா, போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் எந்த மதகிலிருந்து வருகிறது என்பதையெல்லாம் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அரசு தன் செலவில் ஓடுதளமோ கட்டடமோ எழுப்பிவிட்டால் நிலத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்போதும் இந்தக் காகிதம்தான் பேசும். ரெக்விசிஷன் செய்த நாளில் இருந்தபடியே நிலம் இருந்தால், நிரந்தரமாக எடுக்கும் நாளில் சந்தையில் என்ன விலை போகும் என்பதுதான் 1952 சட்டத்தில் உள்ள கணக்கு.

அப்புறம் குத்தகைதாரர்கள். இழப்பீட்டில் அவர்களுக்கும் பங்கு கேட்க இடமுண்டு. ஆனால் மடத்து நிலத்தைத் தலைமுறையாக உழுகிறவர் கையில் நெல் அளந்த ரசீது தவிர வேறொன்றும் இருப்பதில்லை. சிலரிடம் அதுவும் இல்லை. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிய வருவாய்த் துறையில் மனு கொடுக்கலாம். ரசீதுகளோடு, பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரையும் சாட்சிக்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.