சுண்டெலியின் கல்லீரலில் ஒரு குழந்தையின் கட்டி

பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஹெப்படோபிளாஸ்டோமா வருகிறது. ஆனாலும் குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், அதுவும் பெரும்பாலும் மூன்று வயதுக்குள். குளிப்பாட்டும்போது வயிற்றில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுவதைப் பல வீடுகளில் பெற்றவர்கள்தான் முதலில் கவனிக்கிறார்கள். அதற்குள் கட்டி நன்றாக வளர்ந்துவிட்டிருக்கும். அது எந்தச் செல்லில், எந்தப் பிழையால் தொடங்கியது என்பதை அந்தக் குழந்தையிடம் பார்க்க வழியே இல்லை. அந்தத் தொடக்கத்தைப் பார்க்கத்தான் சுண்டெலி தேவைப்படுகிறது.

பெரியவர்களின் புற்றுநோயில் மரபணுப் பிழைகள் குவிந்து கிடக்கும். இந்தக் கட்டியிலோ விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலான குழந்தைகளிடம் தென்படும் பிழை ஒன்று: பீட்டா-கேட்டனின் என்ற புரதம் அழியாமல் தங்கிவிடுகிறது. சாதாரணச் செல் இந்தப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும், அழித்துக்கொண்டும் இருக்கும். எதை அழிக்க வேண்டும் என்ற அடையாளம் புரதத்தின் முன்பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி போய்விட்டால் புரதம் சேர்ந்துபோய், செல்லின் கருவுக்குள் நுழைந்து, 'பெருகு' என்ற உத்தரவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, அப்படியானால் எலியின் கல்லீரலிலும் இதே பிழையைச் செய்தால் கட்டி வருமா? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சத்தர்ஷன் மோங்காவின் குழுவும் கலிஃபோர்னியாவில் சின் சென்னின் குழுவும் இதைச் சோதித்தன. அவர்கள் பயன்படுத்திய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய ஒன்றரை மில்லிலிட்டர்தான். அதன் வால் ரத்தக்குழாயில் 2 மில்லிலிட்டர் திரவத்தை ஐந்து முதல் ஏழு நொடிகளுக்குள் செலுத்துகிறார்கள். இதயத்தால் அவ்வளவையும் உடனே வாங்கித் தள்ள முடியாது. திரவம் பின்னோக்கித் திரும்பிக் கல்லீரலுக்குள் பாய்கிறது. அந்த அழுத்தத்தில் கல்லீரல் செல்களின் சவ்வில் சிறு துளைகள் விழுந்து, சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. அந்த இடைவெளியில் திரவத்தில் கலந்திருக்கும் மரபணு உள்ளே போய்விடுகிறது. கல்லீரலுக்கு மட்டும் மரபணுவைக் கொண்டுசேர்க்க இவ்வளவு எளிய வழி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போன மரபணு நிலைத்து நிற்க வேண்டுமே? அதற்கு 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்ற நொதி கூடவே செல்கிறது. மீன்களின் மரபணுத் தொகுதியில் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலிழந்து கிடந்த ஒரு தாவும் மரபணுவை 1997இல் மீண்டும் இயங்க வைத்தார்கள். அந்தத் தூக்கத்தால் வந்த பெயர் இது. அது புதிய மரபணுவை எலியின் மரபணுவுக்குள் வெட்டி ஒட்டிவிடுகிறது.

2014இல் வெளியான முடிவைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை. முன்பகுதி வெட்டப்பட்ட பீட்டா-கேட்டனின் மட்டும் போனால் கட்டி வரவில்லை. கல்லீரல் எந்த அளவோடு வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதில் பங்குள்ள யாப் என்ற புரதத்தின் பூட்டைக் கழற்றி, அதை மட்டும் செலுத்தினாலும் வரவில்லை. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தபோது கட்டிகள் முளைத்தன. சுமார் 11 வாரங்களில் எலிகள் இறந்தன. அந்தக் கட்டிகள் குழந்தைகளின் ஹெப்படோபிளாஸ்டோமாவைப் போலவே இருந்தன. குழந்தைகளின் கட்டி மாதிரிகளைத் திரும்பப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இரண்டு புரதங்களும் செல்லின் கருவுக்குள் ஒன்றாக இருப்பதும் தெரிந்தது. இன்னொன்று: மரபணு போனது வளர்ந்த எலியின் முதிர்ந்த கல்லீரல் செல்லுக்குள். அந்தச் செல் பின்னோக்கிப் போய்க் கருவிலிருக்கும் சிசுவின் கல்லீரல் செல்லைப் போல மாறியிருக்கிறது.

ஆனால் குழந்தையின் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் இளம் கல்லீரலில் தோன்றுவது. அந்தச் சூழல் வளர்ந்த எலியிடம் இல்லை. குழந்தையின் கட்டித் துண்டையே எலிக்குள் வளர்க்கும் முறையும் உண்டு. அங்கே செல்கள் உண்மையான நோயாளியுடையவை, ஆனால் மனிதத் திசுவை எலி எதிர்க்காமல் ஏற்க அதன் நோய் எதிர்ப்பாற்றலை முதலில் நீக்கிவிட வேண்டும். எனவே நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளை அங்கே சரியாகச் சோதிக்க முடியாது. எந்தக் கேள்விக்கு எந்த எலி என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஆய்வாளரின் திறமை இருக்கிறது. தவறான எலியில் செய்த சோதனையில் உயிரும் வீண், குழந்தைகளின் காலமும் வீண்.

விலங்குச் சோதனை குழந்தைகளுக்கு நேராக உதவிய கதையும் இந்த நோயில் இருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்தக் கட்டியை நன்றாகச் சுருக்கும், ஆனால் காதைக் கெடுக்கும். பேசக் கற்றுக்கொள்ளும் வயதில் கேட்கும் திறன் போவது எவ்வளவு பெரிய இழப்பு! சோடியம் தயோசல்ஃபேட் என்ற இன்னொரு மருந்து காதைக் காக்கும், ஆனால் சிஸ்பிளாட்டினைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் கட்டியையும் காப்பாற்றிவிடுமோ என்ற பயம் இருந்தது. அமெரிக்காவின் ஓரிகனில் எட்வர்ட் நியூவெல்ட்டின் குழு, சில மணி நேரம் தாமதித்துக் கொடுத்தால் காது பிழைக்கிறது, கட்டிக்கு எதிரான வேலையும் குறைவதில்லை என்று விலங்குகளில் காட்டியது. அப்புறம் ஹெப்படோபிளாஸ்டோமா உள்ள குழந்தைகளுக்கு, சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு: சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது, இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு.