மூட்டு தேய்ந்தது என்று தொடையை மறந்தவர்கள்

"மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அதிகம் நடக்கக் கூடாதாம்." பிசியோதெரபிக்காக என்னிடம் வருகிறவர்கள் எக்ஸ்ரே உறையை மேசைமேல் வைத்துவிட்டு பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் உறையைப் பிறகு பிரிக்கிறேன். தையல்காரரைப் போல இஞ்ச் டேப்பை எடுத்து, முழங்கால் சில்லுக்கு மேலே ஒரே உயரத்தில் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் அளக்கிறேன்.

இட்லிக்கடை நடத்தும் ஓர் அம்மா, 58 வயது. வலிக்கும் வலது தொடை மற்றதைவிட 2 சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஆறு மாதமாகக் கடையை மருமகள் பார்த்துக்கொள்கிறார். இவருக்கு இரவில் தைலம், பகல் முழுக்க முழங்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை (நீ கேப்), கட்டில். "இவ்வளவு ஓய்வு கொடுத்தும் வலி ஏன் தம்பி கூடுகிறது?" என்று கேட்டார். அந்த ஓய்வுதான் காரணம் என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது. மற்றவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்தவர் அவர்.

மூட்டில் தேய்வது, எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து அந்தத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டிலில் கிடக்கும் காலுக்கு இது நடப்பதில்லை. தொடையின் முன்தசைக்கு நேரும் இழப்பு இதைவிடப் பெரிது. ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து ஏறும் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் தசை அது. அது மெலிந்தால் பாரம் மூட்டின்மேலேயே விழுகிறது, வலி கூடுகிறது, நடை இன்னும் குறைகிறது. எக்ஸ்ரேயில் கடுமையான தேய்மானம் தெரிந்தும் வலியில்லாமல் வயல்வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். லேசான தேய்மானத்தோடு துடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு முதல் வாரம் கொடுத்தது ஒரே பயிற்சி. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 எண்ணும் வரை பிடித்து விடுவது. ஒரு வேளைக்கு 10 முறை. பிறகு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து மெல்ல உட்காருவது. நாற்காலி உயரமாக இருக்கட்டும். தாழ்வானதில் தொடங்கினால் முழங்கால் முரண்டு பிடிக்கும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் அந்த வலி அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்தக் கூடாது.

முழங்கால் வலிக்காரர்கள் பலர் கைத்தடியை வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் பாரம் குறையும். மாடி ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கிற கால் முதலில். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ பாரம் குறைகிறது.

இளைஞர்களிடம் நான் காண்பது நேரெதிர் தவறு. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் கணுக்கால் பிசகும். சுளுக்கு எடுப்பவரிடம் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறே மைதானத்தில் நிற்பார்கள். அடிபட்டபின் நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால் இழுக்கவே கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிவு இல்லாவிட்டாலும் பிசகிய கணுக்காலில் சமநிலை உணர்வு மங்கிப்போவதால் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. பல் துலக்கும்போது சுவரோரமாக அந்த ஒற்றைக் காலில் நிற்கப் பழகச் சொல்கிறேன்.

மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாக வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் என்னிடம் வர வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம்.

இட்லிக்கடை அம்மா மூன்றாம் மாதம் கடைக்குத் திரும்பினார். வலி முழுதாகப் போய்விடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஒரு முக்காலி போட்டிருக்கிறார். ஈடு வேகும் நேரத்தில் அதிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருகிறார். இரண்டு தொடைகளுக்கும் இப்போது அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.