மங்கலான படத்திலிருந்து மின்விசிறியின் வேகத்தை அளப்பது எப்படி?

புகைப்படப் பயிற்சி என்றதும் பள்ளிகளில் முதலில் சொல்லித்தருவது படத்தை மூன்றாகப் பிரிப்பது, ஆளை ஓரத்தில் நிறுத்துவது போன்றவற்றைத்தான். ஷட்டர் வேகத்தில் தொடங்குவது இதைவிட நல்லது. எடுத்த படம் சரியா, தவறா என்று மாணவரே அளந்து பார்த்துவிட முடியும். அதற்கு வகுப்பறை மின்விசிறியும், கேமராவில் ப்ரோ மோட் (ஷட்டர் வேகம் போன்றவற்றை நாமே அமைக்கும் வசதி) உள்ள ஒரு போனும் போதும்.

ஷட்டர் வேகம் 1/30 நொடி என்றால், அந்த 1/30 நொடி முழுவதும் சென்சார் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அதற்குள் இறக்கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவும் படத்தில் ஒரு தீற்றலாகப் பதிகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் விசிறி நொடிக்கு 5 சுற்று, அதாவது 1800 பாகை சுழல்கிறது. 1/30 நொடியில் 60 பாகை. 1/60 நொடியில் 30 பாகை. 1/500 நொடியில் 3.6 பாகைதான். அதனால்தான் 1/500-இல் எடுத்த படத்தில் இறக்கை நின்றுவிட்டதுபோல் தெரிகிறது.

1878-இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தபோது, இந்தத் தீற்றலை ஒழிப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நமக்கோ தீற்றல்தான் வேண்டும்.

போனின் பின்கேமரா மேலே பார்க்கும்படி மேசை மீது கவிழ்த்து வைத்து, விசிறியின் மையத்துக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். போன் சற்றே சாய்ந்தாலும் வட்டம் நீள்வட்டமாகி, கோணக் கணக்கு கெடும். ஃபோகஸை ஓடாத விசிறியில் கையால் சரிசெய்து பூட்டுங்கள். ஓடும்போது ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். எச்டிஆர், நைட் மோட் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். அவை பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால், நீங்கள் வைத்த ஷட்டர் வேகத்துக்குப் பொருளே இருக்காது. விரல் பட்டு போன் அசையாமலிருக்க 3 நொடி டைமர் வையுங்கள்.

பகல் வெளிச்சம் வரும் வகுப்பறையில் 1/30 நொடி, ஐஎஸ்ஓ (கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) 100 என்று தொடங்கலாம். போனில் லென்ஸ் வழியே ஒளி புகும் துளையின் அளவு பெரும்பாலும் மாறாதது. ஆகவே ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கினால் ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்க வேண்டும்: 1/60-க்கு 200, 1/125-க்கு 400, 1/500-க்கு 1600. கடைசிப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டும்போது அதிலுள்ள ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகிவிடுகிறது.

இனி அளவீடு. படத்தில் தெரியும் தீற்றலில் இறக்கையின் சொந்த அகலமும் சேர்ந்திருக்கும். அதைக் கழிக்க விசிறியை நிறுத்தி அளக்கத் தேவையில்லை. இரண்டு ஷட்டர் வேகங்களில் படமெடுத்தால் போதும். 1/30-இல் 75 பாகை, 1/60-இல் 45 பாகை வந்தால், வித்தியாசம் 30 பாகை. இறக்கையின் அகலம் இரண்டிலும் ஒன்றே என்பதால் கழிந்துபோகிறது. நேர வித்தியாசமும் 1/60 நொடிதான். 30 × 60 = 1800 பாகை, ஆக நிமிடத்துக்கு 300 சுற்று. படத்தை அச்செடுத்துக் கோணமானி வைத்து அளக்கலாம். இரண்டு படங்களிலும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் அளப்பது முக்கியம், ஏனெனில் தூரத்துக்குத் தகுந்தபடி இறக்கை பிடிக்கும் கோணம் மாறும்.

மூன்று இறக்கை விசிறியில் ஒன்றுக்கொன்று இடைவெளி 120 பாகை. எனவே இந்த வேகத்தில் 1/15 நொடி வைத்தால் தீற்றல்கள் ஒன்றோடொன்று கலந்து, எதையும் அளக்க முடியாது. ரெகுலேட்டரைக் குறைத்து மெதுவாக ஓடவிட்டால் 1/15, 1/30 இணைதான் வசதி. வெள்ளைக் கூரைக்குப் பழுப்பு நிற இறக்கை நன்றாக எடுபடும். வெள்ளை விசிறியில் தீற்றலின் விளிம்பைக் கண்டுபிடிப்பது கடினம்.

டியூப்லைட்டையும் எல்இடி விளக்கையும் அணைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். தீற்றல் துண்டு துண்டாக விழும், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கரும்பட்டைகளும் வரும்.

1/500-இல் இறக்கைகள் வளைந்து தெரிவதைக் கண்டு மாணவர்கள் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். போன் சென்சார் படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் இறக்கை நகர்ந்துவிடுகிறது. இதே காரணத்தால் ஒரு பக்கத்துத் தீற்றல் சற்று அகன்றும் மறுபக்கத்தில் குறுகியும் விழும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஐந்தாறு படங்கள் எடுத்து, மூன்று இறக்கைகளையும் அளந்து சராசரி போட்டால் இந்தப் பிழை பெரிதும் குறையும்.

விசிறியின் லேபிளில் சுற்று எண்ணிக்கை அச்சிட்டிருந்தால், ரெகுலேட்டரை முழுதாக வைத்து ஒப்பிடுங்கள். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் சாதாரண விசிறி லேபிளில் உள்ளதைவிட மெதுவாக ஓடும். பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) விசிறியில் உள்ள மின்னணுச் சுற்று, வேகத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும். பள்ளியில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டையும் அளந்து பார்க்கலாம்.