திரையில் பூத்த குறிஞ்சி அட்டையில் வாடுவது ஏன்?

குன்னூரில் உள்ள ஒரு சிறு தேயிலைத் தொழிலகத்துக்காக நான் வடிவமைத்த 100 கிராம் பெட்டியின் முகப்பில் நீலக்குறிஞ்சிக் கொத்து ஒன்று இருந்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடி 2018இல் பூத்தபோது கொடைக்கானலில் எடுத்த படங்களை எதிரே வைத்துக்கொண்டு அதை வரைந்திருந்தேன். கணினித் திரையில் அதன் ஊதா கலந்த நீலம், மழை விட்ட மறுநாள் காலையில் மலைச்சரிவைப் பார்ப்பதுபோல் துலக்கமாக இருந்தது. அச்சகத்திலிருந்து வந்த பெட்டியிலோ சாம்பல் படிந்த கத்தரிப்பூ நிறம். தொழிலக உரிமையாளர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன சார், பூ வாடிப்போச்சா?” என்று மட்டும் கேட்டார். அச்சகத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று அப்போது தோன்றியது உண்மை. ஆனால் பிழை பெரும்பாலும் என்னுடையது.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகைப்படும். அவை மூன்றும் எந்த விகிதத்தில் தூண்டப்படுகின்றன என்பதையே மூளை நிறமாகக் கொள்கிறது. ஆகவே, பூவிலிருந்து வந்த ஒளியை அப்படியே திரும்பத் தர வேண்டியதில்லை. அதே விகிதத்தை வேறு வழியில் உண்டாக்கிவிட்டால் போதும். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்விளக்குகள் இருக்கின்றன. நீலத்தை ஏறக்குறைய முழுதாக எரியவிட்டு, சிவப்பைக் கொஞ்சம் சேர்த்து, பச்சையைத் தணித்தால் குறிஞ்சி நிறம் வந்துவிடும்.

மைக்கோ சொந்த ஒளி கிடையாது. தாளின்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. பச்சை கலந்த நீலமான சியான் மை சிவப்பையும், ஊதா கலந்த சிவப்பான மெஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. அந்தக் கணக்கின்படி சியான்மேல் மெஜந்தாவை அச்சிட்டால் சிவப்பும் பச்சையும் போய், தூய நீலம் மட்டும் மிஞ்ச வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் மை அவ்வளவு ஒழுக்கமானது அன்று. சியான் தனக்கு உரிய சிவப்போடு நிற்காமல் பச்சையிலும் ஒரு பங்கையும், சிறிது நீலத்தையும் எடுத்துக்கொள்கிறது. மெஜந்தா நீலத்தில் கணிசமாகவே கைவைக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, குறிஞ்சிக்கு மிகவும் வேண்டிய நீல ஒளியே குறைந்துபோகிறது. இந்த மூன்று மைகளோடு கறுப்பையும் சேர்த்து அடிக்கும் நான்கு வண்ண அச்சில் மஞ்சளும் சிவப்பும் ஓரளவு தப்பிவிட, நீலமும் ஊதாவும் முதலில் அடிபடுவதற்குக் காரணம் இதுதான். நீலத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு மலையின் பொருளுக்குப் பெட்டி செய்கிறவன் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இதழின் வெளிர் பகுதி என்று நாம் நினைக்கும் இடத்தில் வெளிர் மை எதுவும் இல்லை. அங்கே இருப்பவை முழு அடர்த்தியுள்ள சியான் புள்ளிகளும் மெஜந்தா புள்ளிகளும், அவற்றுக்கிடையே வெள்ளைத் தாளும்தான். பிளேட் என்ற தகட்டில் உள்ள படத்தை பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பின் வழியே தாளில் பதிக்கும் ஆஃப்செட் இயந்திரத்துக்கு மையை நீர்க்கச் செய்து வைக்கத் தெரியாது. ஓரிடத்தில் மை வைக்கும், அல்லது வைக்காது. வெளிர் நிறம் வேண்டுமானால் புள்ளியைச் சிறிதாக்க வேண்டும். அங்குலத்துக்கு 150 வரி என்ற வழக்கமான ஸ்கிரீனில், அதாவது புள்ளி வரிசை அமைப்பில், புள்ளிகளின் நடுவங்களுக்கு இடையே சுமார் 0.17 மி.மீ. தொலைவு இருக்கும். கையெட்டும் தூரத்தில் கண்ணால் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய முடியாமல் போவதால், எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தோன்றுகிறது.

நான்கு வண்ணப் புள்ளி வரிசைகளும் ஒரே திசையில் கிடந்தால், இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டதுபோல் அலையலையான கோலம் எழும்பிவிடும். அதைத் தவிர்க்க, வழக்கமாகச் சியானை 15 பாகையிலும், கறுப்பை 45 பாகையிலும், மெஜந்தாவை 75 பாகையிலும் திருப்பி வைப்பார்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சளுக்கு, மிச்சமிருக்கும் 0 பாகை போதும்.

புள்ளி பிளேட்டில் இருந்த அளவிலேயே அட்டையில் நிற்பதும் இல்லை. ரப்பர் பிளாங்கெட்டின் அழுத்தத்தில் மை சற்றே பரவுகிறது. போதாததற்கு, வெள்ளை இடைவெளி வழியே தாளுக்குள் நுழையும் ஒளி உள்ளேயே சிதறி, பக்கத்துப் புள்ளியின் அடியில் மாட்டிக்கொள்வதால், புள்ளி உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. பிளேட்டில் 50 விழுக்காடாக இருந்த பரப்பு, பூச்சுள்ள தாளிலேயே 65 விழுக்காட்டை எட்டலாம். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அதற்கும் மேலே போகும். வெளிர் ஊதாவுக்கு இது பெரிய இடைஞ்சல். அந்த நிறம் இரண்டு மைகளுக்கு இடையிலான ஒரு மெல்லிய சமநிலை என்பதால், மெஜந்தா சற்று மிஞ்சினால் ரோஜா நிறம் தட்டும், சியான் மிஞ்சினால் சாம்பல் தட்டும். என் பெட்டியில் இரண்டாவது நடந்திருந்தது.

இதற்குத் தீர்வாக ஸ்பாட் கலர், அதாவது நான்கு மைகளால் ஒப்பேற்றாமல் வேண்டிய நிறத்தையே மையாகக் கலந்து வாங்கிக்கொள்வது, பல ஆண்டுகளாக இருக்கிறது. எந்த அடிப்படை மையை எந்த எடையில் கலந்தால் எந்த நிறம் வரும் என்பதை எண்ணிட்ட விசிறிப் புத்தகமாக பான்டோன் நிறுவனம் 1963இல் கொண்டுவந்தது. ஊதா நிறமியாலேயே செய்த மை நீல ஒளியை வீணாக்குவதில்லை. அதனால்தான் அது நான்கு வண்ணக் கலவையால் எட்ட முடியாத துலக்கத்தைத் தருகிறது. அந்தப் புத்தகத்திலும் ஒரே எண்ணுக்குப் பூச்சுள்ள தாள், பூச்சில்லாத தாள் என இரண்டு பதிப்புகள் உண்டு. மை ஒன்றே ஆனாலும் தாள் மாறினால் நிறம் மாறிவிடும்.

ஐந்தாவது மை என்றால் ஐந்தாவது பிளேட், கூடுதல் செலவு. சிறு தொழிலகத்துக்கு அது கட்டுப்படியாகாது. எனவே நான்கு மைகளையும் கைவிட்டு, ஊதா, கறுப்பு என்ற இரண்டே மைகளுக்காகப் படத்தை முதலிலிருந்து வரைந்தேன். ஊதாவின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்து இதழ்கள். கறுப்புக் கோட்டால் தண்டும் இலையும். இலையில் பச்சை இல்லையே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

புரூஃப், அதாவது மாதிரி அச்சு, பார்க்கப் போனபோது இயந்திரத்தை ஓட்டும் பெரியவர், “தம்பி, டியூப்லைட்டுல பாக்காதீங்க, வெளிய கொண்டுபோய்ப் பாருங்க” என்றார். வெயிலில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு நிறங்கள், வெவ்வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்தால், குழல்விளக்கில் வெவ்வேறாகத் தெரியக்கூடும். வெயிலில் இருக்கும் எல்லா அலைநீளங்களும் குழல்விளக்கில் அதே அளவில் இருப்பதில்லை என்பதே காரணம். அச்சுத் துறையில் நிறம் ஒப்பிடுவதற்கு 5000 கெல்வின் வெள்ளொளியைத் தரமாக வைத்திருக்கிறார்கள். குன்னூரின் பெட்ஃபோர்டு பகுதிக் கடைகளில் பெட்டி எந்த விளக்கின் கீழ் அடுக்கப்படும் என்பதை யாராலும் தரப்படுத்த முடியாது. ஆகவே வெளியே ஒரு முறையும் கடைக்குள் ஒரு முறையும் பார்த்துத்தான் ஒப்புதல் தந்தேன்.

மிச்சமிருந்தது மூடுபனி. தாளின் நார்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாட்டைவிடக் குறுக்குவாட்டில் பலமடங்கு பருக்கின்றன. ஒற்றை வண்ண இயந்திரத்தில் ஊதாவை இன்று அடித்து, கறுப்பை நாளை அடித்தால், இடையில் ஓர் ஈரமான இரவு கடந்துவிடுகிறது. 60 செ.மீ. அகலமுள்ள தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலும் அது 0.6 மி.மீ.; அதாவது மூன்று புள்ளி வரிசைகளுக்கும் மேல். ஊதா இதழ் கறுப்புக் கோட்டைத் தாண்டிப் பிதுங்கவோ, உள்ளே சுருங்கி வெள்ளைக் கீற்றைக் காட்டவோ இதுவே போதும். அட்டைக் கட்டுகளை அச்சுக்கூடத்திலேயே ஒரு நாள் பிரிக்காமல் வைத்திருந்து, இரண்டு வண்ணங்களையும் ஒரே பகலில் முடித்துத்தர அந்தப் பெரியவர் ஒப்புக்கொண்டார். நான் என் பங்குக்கு இதழைச் சுற்றிய கோட்டை ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கி, ஊதாவை அதன் நடுவரை நீட்டிவிட்டேன். இப்போது தாள் எந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், அது கோட்டின் கறுப்புக்குள்ளேயே மறைந்துவிடுகிறது.